புரோட்டீன் பவுடர், கிரியேட்டின், ஃபேட் பர்னர்... எது வேலை செய்யும்? எது வீண் செலவு? - முழு விளக்கம்

ஜிம்மில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அதற்குள், "புரோட்டீன் எடுக்காம ஒர்க்அவுட் பண்ணா வேஸ்ட் ப்ரோ" என்று ஒருவர் சொல்வார். "கிரியேட்டின் எடுத்தா கிட்னி போயிடும்" என்று இன்னொருவர் பயமுறுத்துவார். மொபைலைத் திறந்தால் ஒரே மாதத்தில் தொப்பை கரையும் என்று ஒரு மாத்திரை விளம்பரம். மாதச் சம்பளம் 15 ஆயிரம், 20 ஆயிரம் வாங்கும் இளைஞர்கள்கூட அதில் 3 ஆயிரம், 4 ஆயிரம் ரூபாயை டப்பாக்களுக்குச் செலவழிக்கிறார்கள்.

இந்தப் பணத்துக்குப் பலன் உண்டா? எந்த டப்பாவுக்கு ஆதாரம் இருக்கிறது? எதில் ஆபத்து இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சப்ளிமென்ட் என்பது மருந்தா, உணவா?

சட்டப்படி அது உணவு வகையில்தான் வருகிறது. இந்தியாவில் சப்ளிமென்ட்களைக் கட்டுப்படுத்துவது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு மருந்து கடைக்கு வருவதற்கு முன் மனிதர்களிடம் பல கட்டமாகச் சோதித்து, பலனையும் பக்கவிளைவையும் நிரூபிக்க வேண்டும். சப்ளிமென்ட்டுக்கு அந்த அளவு சோதனை கிடையாது.

அதனால்தான் இந்த டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. நோயைக் குணப்படுத்தும் என்று டப்பாவில் எழுதியிருந்தால், அதுவே சந்தேகப்பட வேண்டிய முதல் விஷயம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் தேவை?

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். அதாவது 60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் போதும். இது சாதாரண வாழ்க்கை வாழ்பவருக்கான கணக்கு.

எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். இது பற்றி 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு ஆய்வு 2018-ல் வெளியானது. கூடுதல் புரோட்டீன் தசை வளர்ச்சிக்கு ஓரளவு உதவுகிறது, ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பெரிய பலன் இல்லை என்பது அதன் முடிவு. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம்.

2024 மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிமுறைகளும் இதே 1.6 கிராம் எல்லையைத்தான் சொல்கின்றன. உடம்பை ஏற்றுவதற்காக புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கலாம் என்றும் அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது.

அந்த 96 கிராமைச் சாப்பாட்டிலேயே எடுக்க முடியுமா?

முடியும். ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள் (தோராயமான அளவு):

- 3 முட்டை - 18 கிராம்
- அரை லிட்டர் பால் அல்லது தயிர் - 16 கிராம்
- 100 கிராம் கோழிக்கறி அல்லது மீன் - 20 கிராமுக்கு மேல்
- ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் (50 கிராம் கடலை) - 10 கிராம்
- ஒரு கைப்பிடி வேர்க்கடலை (30 கிராம்) - 7 கிராம்
- சாம்பார், கூட்டில் சேரும் பருப்பு (30 கிராம்) - 7 கிராம்
- 3 இட்லி, மதியம் ஒரு தட்டு சோறு - 13 கிராம்

மொத்தம் 90 கிராமைத் தாண்டிவிடும். சைவம் சாப்பிடுபவர்கள் முட்டை, கறிக்குப் பதில் 100 கிராம் பனீரும் 40 கிராம் மீல்மேக்கரும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே அளவு வந்துவிடும். உலர்ந்த மீல்மேக்கரில் 100 கிராமுக்கு 50 கிராம் அளவுக்குப் புரோட்டீன் இருக்கிறது.

பிரச்னை என்னவென்றால், நம்மில் பலருடைய தட்டு இப்படி இருப்பதில்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்றால் வயிறு நிறையும், புரோட்டீன் நிறையாது. ஓட்டலில் ஊற்றும் தண்ணி சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'எந்த பவுடர் வாங்கலாம்' என்று யோசிப்பதற்கு முன், தட்டில் என்ன குறைகிறது என்று பார்ப்பது நல்லது.

அப்போ புரோட்டீன் பவுடர் வேஸ்ட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வே புரோட்டீன் என்பது பாலில் இருந்து சீஸ் தயாரிக்கும்போது பிரியும் தண்ணீரில் இருந்து எடுக்கப்படுவது. எளிதில் ஜீரணமாகும், தரமானதாக இருந்தால் ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் வரை புரோட்டீன் கிடைக்கும். ஷிஃப்ட் வேலையில் சமைக்க நேரம் இல்லாதவர், முட்டையும் கறியும் சாப்பிடாதவர், அதிக நேரம் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர் ஆகியோருக்கு இது ஒரு வசதி. முட்டையிலும் மீனிலும் கிடைக்காத தனிச் சக்தி எதுவும் அதில் இல்லை.

விலையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ டப்பா 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 ஸ்கூப் வரும். ஒரு ஸ்கூப்புக்கு 83 ரூபாய். அதே 24 கிராம் புரோட்டீன் 4 முட்டையில் கிடைக்கும். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றாலும் 28 ரூபாய்தான்.

'மாஸ் கெய்னர்' டப்பாக்கள் வேறு ரகம். பெரிய டப்பாவாக, விலை மலிவாகத் தெரியும். உள்ளே பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். எடை ஏறும், ஆனால் ஏறுவது தசையா தொப்பையா என்பது நீங்கள் செய்யும் பயிற்சியைப் பொறுத்தது.

ஒர்க்அவுட் முடிந்த 30 நிமிடத்துக்குள் குடித்தே ஆக வேண்டுமா?

அவசியம் இல்லை. அந்த அரை மணி நேரத்தைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு என்று முன்பு நம்பப்பட்டது. நாள் முழுக்க எடுக்கும் மொத்த அளவுதான் முக்கியம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டாலும் தசைக்குப் போக வேண்டியது போய்விடும்.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா?

கேள்வியே இங்கேதான். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களை வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த ஒரு ஆய்வு 2024 ஏப்ரலில் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. கேரள மருத்துவர்கள் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு இது. கிட்டத்தட்ட 70 சதவீத டப்பாக்களில் லேபிளில் சொன்ன புரோட்டீன் அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. அஃப்ளடாக்சின் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.

எப்படி ஏமாற்றுகிறார்கள்? ஆய்வகத்தில் புரோட்டீனை அளக்கும் வழக்கமான முறை, அதில் உள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவது. கிளைசின், டாரின் போன்ற விலை மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் அளவு கூடும். சோதனையில் புரோட்டீன் நிறைய இருப்பது மாதிரி தெரியும். தசைக்கு அதனால் பலன் இருக்காது. இதற்கு 'அமினோ ஸ்பைக்கிங்' என்று பெயர்.

கிரியேட்டின்: பயப்பட வேண்டுமா?

உடற்பயிற்சி சப்ளிமென்ட்களிலேயே அதிகமாக ஆராயப்பட்டது கிரியேட்டின் மோனோஹைட்ரேட். இது ஸ்டீராய்டு கிடையாது. நம் உடம்பே தினமும் தயாரிக்கும் ஒரு பொருள். இறைச்சி, மீனிலும் இருக்கிறது. வேகமாக ஓடும்போதும், கனமான எடையைத் தூக்கும்போதும் முதல் சில விநாடிகளுக்குத் தேவையான சக்தியைத் தசைக்கு மீட்டுத் தருவதுதான் இதன் வேலை.

நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால், சில வாரங்களில் தசையில் இதன் சேமிப்பு நிறையும். 8 முறை தூக்கிய எடையை 9, 10 முறை தூக்க முடியலாம். அந்தக் கூடுதல் பயிற்சிதான் நாளடைவில் பலத்தைக் கூட்டுகிறது. மாரத்தான் மாதிரி நீண்ட தூர ஓட்டத்துக்கு இது பெரிதாக உதவாது. சைவ உணவுக்காரர்களிடம் இதன் சேமிப்பு குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் சற்று கூடுதலாகத் தெரியலாம்.

தொடங்கிய சில நாளில் 1 முதல் 2 கிலோ எடை ஏறலாம். தசைக்குள் தண்ணீர் சேர்வதுதான் காரணம், கொழுப்பு இல்லை.

கிட்னி போய்விடுமா? ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ள பெரியவர்களிடம் பரிந்துரைத்த அளவில் பாதிப்பு ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கிரியேட்டின் உடைந்தால் கிடைப்பது கிரியேட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பதும் இதே கிரியேட்டினின்தான். கிரியேட்டின் எடுப்பவருக்கு இந்த அளவு லேசாக ஏறித் தெரியலாம். எனவே ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, "டாக்டர், நான் கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அறிகுறியே இல்லாமல் சிறுநீரகம் பாதித்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் கிரியேட்டினோ, அதிக புரோட்டீனோ தொடங்கும் முன் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு புரோட்டீன் அளவையே மருத்துவர் குறைத்திருப்பார். அவர்கள் பவுடர் பக்கமே போகக் கூடாது.

உடம்பு வலி குறைய எது உதவும்?

புதிதாகப் பயிற்சி செய்த மறுநாள், கை கால் தூக்க முடியாமல் வலிக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வந்து தானாகவே குறையும் வலி இது. இதற்காக அதிகம் விற்கப்படுவது பி.சி.ஏ.ஏ. பவுடர்.

நம் உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் 9. பி.சி.ஏ.ஏ.வில் இருப்பது அதில் 3 மட்டும். வீடு கட்ட செங்கல், சிமென்ட், மணல், கம்பி எல்லாம் வேண்டும். செங்கல்லை மட்டும் லாரி லாரியாக இறக்கினால் சுவர் எழும்பாது. போதுமான புரோட்டீன் சாப்பிடுபவருக்கு அந்த மூன்றும் உணவிலேயே கிடைத்துவிடுகின்றன. தனியாக 1,500 ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை.

வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக டோஸில் தினமும் எடுத்தால், பயிற்சியால் உடம்பில் வர வேண்டிய சில நல்ல மாற்றங்களையே அது தடுக்கக்கூடும் என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. கொய்யா, நெல்லிக்காய் சாப்பிடுவதில் அந்தச் சிக்கல் இல்லை.

ரெகவரிக்கு உண்மையில் உதவுபவை: 7 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், போதுமான சோறும் புரோட்டீனும், தண்ணீர், ஓய்வு நாள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க வியர்க்க ஓடினால் உப்பும் ஈடுகட்டப்பட வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உப்பு போட்ட மோர் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும்.

ஒரு எச்சரிக்கை: கடும் பயிற்சிக்குப் பிறகு வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது சாதாரண வலி கிடையாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். பவுடர் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ப்ரீ ஒர்க்அவுட் குடித்தால் வரும் 'கிக்' எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் காஃபினில் இருந்து. காஃபின் விளையாட்டுத் திறனைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆதாரம் உள்ள சில சப்ளிமென்ட்களில் கிரியேட்டினோடு காஃபினும் இடம்பெற்றது.

ஆனால் ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மி.கி., ஒரே நேரத்தில் 200 மி.கி. என்பதுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. சில ப்ரீ ஒர்க்அவுட் பவுடர்களில் ஒரு ஸ்கூப்பிலேயே 300 மி.கி. இருக்கிறது. அதைத் தண்ணீர் இல்லாமல் வாயில் கொட்டும் 'டிரை ஸ்கூப்பிங்' ரீல்ஸைப் பார்த்துச் செய்தால் படபடப்பு, நெஞ்சுவலி வரை போகலாம். மாலை 7 மணிக்குக் குடித்தால் ராத்திரி தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் ரெகவரி கெடும். ஜிம்முக்குப் போகும் முன் ஒரு டம்ளர் காபி பலருக்குப் போதும்.

ஃபேட் பர்னர் சாப்பிட்டால் எடை குறையுமா?

ஆதாரம் மிகக் குறைவு, ஆபத்து அதிகம் உள்ள வகை இதுதான். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், எல்-கார்னிடைன், குடம்புளியில் இருந்து எடுக்கும் கார்சீனியா என்று பெயர்கள் மாறும். ஆய்வுகளில் எடை குறைந்திருந்தாலும், அது கண்ணாடியில் தெரியாத அளவுதான்.

'இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது' என்ற வாதமும் எடுபடாது. குழம்பில் போடும் குடம்புளி வேறு, அதைச் செறிவூட்டி அடைத்த மாத்திரை வேறு. கார்சீனியா மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளைக்கு 800 மி.கி. அளவைத் தொட்டால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரியலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2018-ல் எச்சரித்தது. கப்பில் குடிக்கும் கிரீன் டீயால் அந்த அளவு பயம் தேவையில்லை.

2003 பிப்ரவரியில், ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது அமெரிக்க பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்தால் சரிந்து விழுந்து இறந்தார். அவர் எடை குறைக்க எடுத்த எஃபெட்ரா மூலிகை கலந்த மாத்திரையும் மரணத்துக்கு ஒரு காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. 2004-ல் அமெரிக்கா எஃபெட்ரா சப்ளிமென்ட்களைத் தடை செய்தது. அதுவரை அது கடைகளில் வெளிப்படையாக விற்ற பொருள்.

இன்னொரு பிரச்னை கலப்படம். சிபுட்ரமைன் என்ற எடை குறைப்பு மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-ல் அமெரிக்கா, ஐரோப்பாவில் கைவிடப்பட்டது. இந்தியா 2011-ல் தடை செய்தது. அதற்குப் பிறகும் 'மூலிகை ஸ்லிம்மிங்' மாத்திரைகளில் லேபிளில் சொல்லாமல் இதைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு மூலிகை மாத்திரை சட்டென்று பசியை நிறுத்தினால், மகிழ்ச்சி அடைவதைவிட சந்தேகப்படுவது நல்லது.

எடை குறைய உடம்புக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். செலவழிப்பதைவிடக் குறைவான கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால்கூட வாரத்துக்கு அரை கிலோ குறைவதே அதிகம். எடையைக் குறைக்கும்போது புரோட்டீனைச் சற்றுக் கூட்டி, எடைப் பயிற்சியும் செய்தால் தசை கரையாமல் காப்பாற்றலாம். புரோட்டீன் பவுடர் எடை குறைப்பில் உதவுவது அந்த அளவுக்குத்தான். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அதையும் பாலில் கலந்து குடித்தால் 250 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சேரும், எடை ஏறத்தான் செய்யும்.

செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் எடையைக் குறைக்கின்றன. அவை சப்ளிமென்ட் இல்லை, மருத்துவர் சீட்டு எழுதி, கண்காணித்துத் தர வேண்டிய மருந்துகள்.

விளையாட்டு வீரர்கள் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

அவர்கள் பணயம் வைப்பது பணத்தை மட்டும் இல்லை. 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவில், 14.8 சதவீதத்தில் லேபிளில் குறிப்பிடாத, தடை செய்யப்பட்ட ஹார்மோன் வகைப் பொருட்கள் இருந்தன.

ஊக்கமருந்து விதிகளில் "எனக்குத் தெரியாது, மாஸ்டர் கொடுத்தார்" என்பது விடுதலை வாங்கித் தராது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. 4 ஆண்டுகள் வரை தடை வரலாம். கபடியிலோ தடகளத்திலோ முன்னேறி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை என்று குடும்பமே காத்திருக்கும் ஒருவருக்கு, அந்த 4 ஆண்டு என்பது கிட்டத்தட்ட மொத்த விளையாட்டு வாழ்க்கை. பயிற்சியாளர் கொடுக்கும் டப்பாவின் பெயர், பேட்ச் எண், ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்திருப்பது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

லேபிள் இல்லாத பொடி, ஊசி எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்வதே சரி. ரத்த அழுத்தத்தை ஏற்றத் தரும் மெஃபென்டெர்மின் போன்ற மருத்துவமனை மருந்துகள் சில ஜிம்களில் ஊசியாகப் புழங்குகின்றன. அவை இதயத்தையே நிறுத்தக்கூடியவை.

வைட்டமின் மாத்திரைகள்?

பற்றாக்குறை இருப்பவருக்கு நிச்சயம் உதவும். வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து குறைபாடு இந்தியாவில் பரவலாக இருக்கிறது. எப்போதும் அசதியாக இருக்கிறது, ஸ்டாமினாவே இல்லை என்பவர்கள் ப்ரீ ஒர்க்அவுட் வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதல் மாத்திரையால் கூடுதல் பலம் வராது. 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால், ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் என்ன பார்க்க வேண்டும்?

- 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா? அது விற்க உரிமம் மட்டுமே, தரச் சான்று ஆகாது.
- இறக்குமதி டப்பா என்றால் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்.
- 'புரொப்ரைட்டரி பிளெண்ட்' என்று போட்டு, ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று சொல்லாவிட்டால் தவிர்க்கவும்.
- இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். போன்ற வெளி அமைப்புகளின் சோதனை முத்திரை இருந்தால் கூடுதல் நம்பிக்கை. பேட்ச் எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.
- விற்பவரே டோஸ் சொன்னால், அவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று யோசியுங்கள்.
- சந்தேகம் இருந்தால் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் தரலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், இதயம், கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. எடுக்கும்போது கண் மஞ்சளானால், படபடப்பு வந்தால், சிறுநீர் நிறம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சுருக்கமாக...

புரோட்டீன் பவுடர்: சாப்பாட்டில் குறைந்தால் மட்டும். கிரியேட்டின்: எடைப் பயிற்சி செய்யும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உதவும். காஃபின்: உதவும், அளவு முக்கியம். பி.சி.ஏ.ஏ.: தேவையில்லை. ஃபேட் பர்னர்: வேண்டாம். வைட்டமின்: ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு.

கையில் 3 ஆயிரம் ரூபாய் இருந்தால், முதலில் அதை ஒரு மாதத்துக்கான முட்டை, பால், கடலை, மீனில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் ஏதாவது குறைந்தால் டப்பாவைப் பற்றி யோசிக்கலாம்.